மாலுமி கைவேலை

கப்பல்துறையைப் பார்த்த தெருவில் மிஸ்டர் பில்கிரிம் கடை வைத்திருந்த காலத்தில், ஊர் திரும்பும் மாலுமி எவனும் அந்த வாசலை மிதிக்காமல் கப்பல் ஏறியதில்லை. வருடக்கணக்காகக் கடலில் கிடந்தவனுக்கு, வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்பது எங்கள் தீவுத் துறைமுகமான ப்ரிட்ஜ்டவுனுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் உறைக்கும். கையில் எதையாவது கொண்டுபோக வேண்டுமே. அதற்குத்தான் சிப்பிப் பெட்டி. எட்டுப் பட்டை மரப்பெட்டி, புத்தகம் போல இரண்டாக விரியும், இரு பக்கமும் கண்ணாடி போட்டிருக்கும். ஒரு பக்கம் சிப்பியாலேயே செய்த ரோஜா. மறுபக்கம் அரிசி அளவுச் சிப்பிகளால் 'என்னை மறவாதே' என்று எழுதியிருக்கும். மறந்து போனவன், மறக்காமல் காத்திருந்தவளுக்கு வாங்கிக்கொண்டு போகிற சாமான் அது.

வாங்கியவன் சும்மாவும் கொடுக்க மாட்டான். நடுக்கடலில் அவளையே நினைத்துக்கொண்டு தன் கையாலேயே செய்தது என்று சொல்லித்தான் கொடுப்பான். அவளும் கண் கலங்கி வாங்கிக்கொள்வாள். பில்கிரிமுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். பெட்டியோடு பொய்யையும் சேர்த்துத்தான் அவர் விற்றார். அதனால், வீட்டில் உட்கார்ந்து அவருக்குச் சிப்பி ஒட்டிக் கொடுத்த பெண்களிடம் ஒரு கண்டிப்பு வைத்திருந்தார்.

"ரொம்பத் துப்புரவா ஒட்டாதீங்கம்மா. ஆடுற கப்பல்ல உட்கார்ந்துக்கிட்டு முரட்டுக் கைக்காரன் ஒட்டின மாதிரி இருக்கணும். எங்கயாவது ஒரு தப்பு விட்டுடுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்."

பெண்கள் அதற்கு மாலுமித் தப்பு என்று பேர் வைத்திருந்தார்கள். ரோடா பசையை ஓரத்தில் கொஞ்சம் ஒழுக விடுவாள். டார்க்கஸ் கிட்டென்ஸ், ரோஜாவின் உள்வட்டத்தில் ஒரே ஒரு இதழைக் குப்புற ஒட்டுவாள். இளஞ்சிவப்புக்கு நடுவே அது மட்டும் வெளுப்பாகத் தெரியும். எது யார் செய்த பெட்டி என்று அந்தப் பெண்கள் தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுவார்கள். வாங்குகிறவனுக்குத் தெரியாது.

டார்க்கஸுக்கு அந்த இதழை ஒட்டும்போதெல்லாம் வயிறு எரியும். ஒருமுறை வீம்புக்கு, ஒரு குறையும் இல்லாமல் ஒரு பெட்டியை முடித்துக் கொண்டுபோய் வைத்தாள். பில்கிரிம் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகா இருக்கு. அதான் வம்பே. பாத்த உடனே பொம்பள கைன்னு தெரியுது. இதை எவன் வாங்குவான்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து கண்ணாடியைக் கழற்றி, ஒரு இதழை நெம்பி எடுத்துக் குப்புறப் போட்டு ஒட்டினாள். மறுநாள் பில்கிரிம் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார்.

அவள் இந்த வேலைக்கு வந்ததே ஜாபேஸ் ஹோல்டர் கப்பல் ஏறிப் போன பிறகுதான். அதற்கு முன்னால் பட்டாளத்து அதிகாரிகள் வீட்டுத் துணியை வெளுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜாபேஸ் நெட்டையன், சிரித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும், வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. திமிங்கல வேட்டைக்குப் போகிற அமெரிக்கக் கப்பலில் ஆள் எடுத்தார்கள். "மூணே வருஷம் டார்க்கஸ். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுவேன். வந்த மாசமே கல்யாணம்" என்று சொல்லிவிட்டுப் போனான். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் கடிதப் போக்குவரத்து இல்லை. டார்க்கஸுக்குப் பிற்பாடு தெரிந்த எழுத்தெல்லாம் சிப்பியில் ஒட்டிப் பழகியதுதான். துணி வெளுக்கிற காரம் பட்டுப் பட்டு அவள் கை வெடித்து ரத்தம் கசிந்தபோது, பக்கத்துப் பலகை வீட்டு ரோடாதான் பில்கிரிமிடம் கூட்டிக்கொண்டு போனாள். இது எதுவும் கடலில் இருந்தவனுக்குத் தெரியாது.

மூன்று வருடம் நாலாகி, அதுவும் கடந்தது. பலகை வீடுகளுக்கு நடுவே இருந்த பொது முற்றத்தைச் சுற்றி இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டா இருப்பார்கள்?

"ஏ டார்க்கஸ், உன் ஆளு ஒரு திமிங்கலத்தையே கட்டிக்கிட்டானாம்ல? குட்டி போட்டிருக்காம், போய்ப் பாத்துட்டு வாயேன்" என்பாள் ரோடா. சுற்றி இருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். டார்க்கஸ் தலையைத் தூக்காமல் சிப்பியைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள். உள்ளுக்குள் அவளுக்கும் பயம்தான். அவன் வராவிட்டால், காத்திருந்த வருடங்களுக்கு என்ன பேர்? பைத்தியம் என்றுதான் பேர். அவளுக்கு வேண்டியிருந்தது கல்யாணம் மட்டுமில்லை. அவன் தன்னை நினைத்துக்கொண்டுதான் இருந்தான் என்று தெரிய வேண்டும்.

பெட்டிகளுக்கு மரவேலை செய்தவன் சைலஸ் கஃபி. அதிகம் பேசாதவன். ஒரு நாள் வெற்றுப் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, போகாமல் நின்றான்.

"எனக்கு நீச்சல் தெரியாது டார்க்கஸ்" என்றான்.

"அதுக்கு?"

"கடல்பக்கம் போகவே மாட்டேன்னு சொல்ல வந்தேன். எப்பவும் இங்கயேதான் இருப்பேன்."

அவளுக்குப் புரிந்தது. "அவரு வந்துடுவாரு சைலஸ்."

"வரலைன்னா?"

"வந்துட்டா?"

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறு வாரமும் பெட்டி கொண்டுவந்தான். அந்தப் பேச்சை மட்டும் பிறகு எடுக்கவே இல்லை.

ஜாபேஸ் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கப்பல் சனிக்கிழமையே வந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலத்தை அவன் ரம் கடையில் கழித்தான் என்பது பிறகு தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சிப்பி வேலை கிடையாது. தட்டுகளெல்லாம் கட்டிலுக்கடியில் துணி போட்டு மூடியிருந்தன. சபையில் ஆராதனை முடிந்து வந்த எல்லாரும் முற்றத்தில் இருந்தார்கள். வெண்டைக்காய் போட்ட சோளக்களியும் பறக்கும் மீனும் அடுப்பில் இருந்தன. வாசலில் அந்த நெட்டை உருவம் வந்து நின்றதும் டார்க்கஸின் கையிலிருந்த கரண்டி களியிலேயே நின்றுவிட்டது.

"என்ன, யாருன்னு தெரியலையா?" என்றான். அதே சிரிப்பு. பல் மட்டும் ஒன்று போயிருந்தது.

கட்டிப்பிடித்து, அழுது, எல்லாம் ஆனபிறகு, கோணித்துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து அவள் மடியில் வைத்தான். "உனக்குத்தான். பனிக்கடல்ல, விரல் மரத்துப் போற குளிர்ல, திமிங்கலக் கொழுப்பு விளக்கை வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா ஒட்டினேன். ஒவ்வொரு சிப்பிக்கும் உன் பேரைச் சொல்லிச் சொல்லி ஒட்டினேன்."

டார்க்கஸ் பிரித்தாள். என்னை மறவாதே. மறுபக்கம் ரோஜா. ரோஜாவின் உள்வட்டத்தில் ஒரு வெளுத்த இதழ்.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன மாதம், மழை பெய்த வாரத்தில் ஒட்டியது. ஈரத்தில் பசை காயாமல் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

ரோடா எட்டிப் பார்த்தாள். பார்த்த கணமே அவள் முகம் மாறியது. ஆனாலும் நாக்கு சும்மா இருக்குமா? "ஏன்ப்பா ஜாபேஸ், பனிக்கடல்ல இந்தச் சிப்பியெல்லாம் ஏது?"

"இங்கேருந்தே பொறுக்கிக் காலுறையில கட்டிக்கிட்டுப் போனேன்ல."

"ஓஹோ. இந்த ஒரு இதழ் ஏன் குப்புறக் கிடக்கு?"

ஜாபேஸ் அப்போதுதான் அதைக் கவனித்தான். கண் ஒரு நொடி தடுமாறியது. "அதுவா... அன்னைக்குப் புயல். கப்பல் ஒரு ஆட்டம் ஆடிச்சு பாரு, கை தவறிடுச்சு."

சைலஸும் அங்கேதான் இருந்தான். பெட்டியை வாங்கி, கீலை விரலால் ஒருமுறை தடவினான். தன் கை வேலை தனக்குத் தெரியாதா? நிமிர்ந்து டார்க்கஸைப் பார்த்தான். சொல்லிவிடட்டுமா என்று கேட்ட பார்வை அது. டார்க்கஸ் மெல்லத் தலையாட்டினாள். வேண்டாம்.

அங்கேயே பெட்டியை ஜாபேஸ் தலையில் போட்டு உடைத்திருக்க வேண்டும் என்று சொல்ல நமக்கென்ன? காத்திருந்தது நாமா? அத்தனை வருடம் கேலி செய்த முற்றம் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு நின்றது. வண்ணாரப் பெண்கள், மீன்காரிகள், ரம் கடைக்காரன் பெண்டாட்டி, சிப்பி வேலை தெரியாத எல்லார் முகத்திலும் பொறாமை வழிந்தது. இப்படி ஒருத்தன் தன்னை நினைக்கவில்லையே என்று ஒவ்வொருத்தியும் ஏங்கினாள். அந்த ஏக்கத்தைப் பார்க்க டார்க்கஸுக்கு எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும்!

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள்.

கூட்டம் கலைந்ததும் ரோடா அவளைக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போனாள். "அடியே, அது உன் இதழ்டி!"

"தெரியும்."

"தெரிஞ்சா பல்லை இளிச்சுக்கிட்டு வாங்கினே?"

"அவராவே சொல்லுவாரு. எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்லுவாரு? எங்கிட்ட தனியாச் சொல்லுவாரு, பாரு. அதுவரைக்கும் நீ வாயை மூடு."

திங்கட்கிழமை காலை ஜாபேஸ் வந்தபோது அவள் வேண்டுமென்றே கதவைத் திறந்துபோட்டு, சிப்பித் தட்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பாதி முடிந்த ரோஜா. இடுக்கியில் ஒரு இதழைப் பிடித்து, அவன் பார்க்கப் பார்க்கக் குப்புற ஒட்டினாள். அப்புறம் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவன் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான். கழுத்துவரை ரத்தம் ஏறியது. இப்போது சிரித்துவிடுவான் என்று அவள் நினைத்தாள். மாட்டிக்கிட்டேன் டார்க்கஸ், உலகத்துல இருக்கற பெட்டியில உன் பெட்டியவா நான் வாங்கணும் என்று தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பான். அவளும் சிரிப்பாள். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு எல்லாவற்றையும் மன்னித்துவிடத் தயாராக இருந்தாள். சத்தியமாகத் தயாராக இருந்தாள்.

ஜாபேஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"அட, நீயும் இதைத்தான் செய்யறியா? நல்லதாப் போச்சு. இந்த வேலையில சில நுணுக்கம் இருக்கு டார்க்கஸ், நான் உனக்குச் சொல்லித் தர்றேன்."

அவர்கள் கல்யாணம் மெதடிஸ்ட் சபையில் நடந்தது. ஊரே வந்தது. அந்தப் பெட்டியை மேசைமேல் விரித்து வைத்திருந்தார்கள். சிப்பி ஒட்டும் பெண்கள் டார்க்கஸுக்காக வாயை மூடிக்கொண்டார்கள். சைலஸ் வரவில்லை, கொஞ்ச நாளில் கடல் தாண்டி டெமராராவுக்குப் பிழைக்கப் போய்விட்டான். அவனைப் பற்றி அப்புறம் ஒரு சேதியும் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு ஜாபேஸ் கடலுக்குப் போகவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். வெல்லப்பாகுப் பீப்பாய் ஒன்று உருண்டு வந்து கால்மேல் ஏறியதோடு அதுவும் போயிற்று. அந்தச் சமயத்தில்தான் நீராவிக் கப்பல்களில் துரைகளும் துரைசானிகளும் வேடிக்கை பார்க்க வந்து இறங்க ஆரம்பித்தார்கள். பில்கிரிம் சும்மா விடுவாரா? நொண்டிக் கால், உப்புக்காற்றில் கறுத்துக் காய்ந்த முகம், ஓயாத வாய். இதைவிடப் பொருத்தமான மாலுமி எங்கே கிடைப்பான்? ஜாபேஸைக் கடைவாசலில் ஒரு பீப்பாய்மேல் உட்கார வைத்தார். மடியில் டார்க்கஸ் பாதி முடித்துக் கொடுத்த ஒரு பெட்டி, கையில் இடுக்கி. நாள் முழுக்க ஒரே சிப்பியை வைப்பதும் எடுப்பதுமாக உட்கார்ந்திருப்பான். திமிங்கலக் கதை, பனிக்கடல் கதை, காத்திருந்த காதலி கதை எல்லாம் சொல்வான். துரைசானிகள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் போவார்கள்.

வீட்டில் டார்க்கஸ் ஒட்டிக்கொண்டே இருந்தாள். ஹோல்டர் பெட்டி என்று அதற்குப் பேரே வந்துவிட்டது. யாரோ ஒரு துரை வந்து ஜாபேஸின் கைகளை மட்டும் படம் வரைந்துகொண்டு போனார். மகள் லெட்டி பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் போனபோது அங்கே பெருமையடித்துக்கொண்டாள். "எங்கப்பாதான் பெட்டி செய்யறாரு. எங்கம்மா கூடமாட ஒத்தாசை பண்றா." பெற்ற தாய் விடிந்ததிலிருந்து குனிந்த தலை நிமிராமல் ஒட்டுவதைப் பார்த்து வளர்ந்த பெண் சொன்ன பேச்சு இது. டார்க்கஸ் அதையும் கேட்டுக்கொண்டு இருந்தாள். ஊருக்குச் சொன்ன பொய் ஊருக்கு. தனக்கு மட்டும் ஒருநாள் அவன் நிஜத்தைச் சொன்னால் போதும் என்று இருந்தாள். அது ஒன்றுதான் அவள் கேட்டது. அதையும் வாய்விட்டுக் கேட்க மாட்டாள். கேட்டு வாங்கினால் அதற்கு மதிப்பு இல்லையாம். என்ன பிடிவாதமோ!

ஆனால் ஒரு வழி வைத்திருந்தாள். வருடா வருடம் கல்யாண நாளன்று சுவரிலிருந்து பெட்டியை இறக்கித் துடைப்பாள். துடைத்துக்கொண்டே, "இந்த இதழ் ஏங்க குப்புறக் கிடக்கு?" என்று கேட்பாள்.

"சொன்னேனே. புயல்."

சொல்லும்போது அவன் கண் தடுமாறும். வேறெங்கோ பார்ப்பான். மாபி கொண்டா, தாகமா இருக்கு என்பான். அந்தத் தடுமாற்றம் இருக்கிறவரை அவளுக்கு நம்பிக்கை இருந்தது. மறைக்கிறான் என்றால் உள்ளே உண்மை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? என்றைக்காவது வெளியே வரும்.

கதை வருடத்துக்கு வருடம் வளர்ந்தது. புயலில் ஒருவன் கடலில் விழுந்தான். பிறகு விழுந்தவனை ஜாபேஸ் ஒரு கையால் இழுத்தான், மறு கையில் இந்த இதழ் இருந்தது. ஒரு கல்யாண நாளில் டார்க்கஸ் வழக்கம்போலக் கேட்டபோது, அவன் நேராக அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னான். விழுந்தவனின் பேர், அவன் போட்ட கூச்சல், தன் விரலில் ஒட்டியிருந்த பசையின் குளிர்ச்சி, எல்லாம் சொன்னான். கண் துளியும் அசையவில்லை. சொல்லி முடித்தபோது அவனுக்கே குரல் தழுதழுத்தது.

டார்க்கஸ் துணியை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். பொய் சொல்கிற புருஷன் என்றைக்காவது உண்மை சொல்லலாம். இவனிடம் இனி சொல்வதற்கு உண்மை என்று ஒன்றும் மிச்சமில்லை. அன்றைக்கு அவள் அடுப்பு மூட்டவில்லை. லெட்டிதான் உப்பு மீனைச் சுட்டு அப்பாவுக்குப் போட்டாள்.

அதற்கு அடுத்த வருடத்திலிருந்து அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

காலில் வந்த பழைய புண் ஜாபேஸின் வயதான காலத்தில் புரையோடிப் போனது. படுக்கையில் விழுந்தான். ரோடா காய்ச்சலில் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது; முற்றத்தில் இருந்தவர்களெல்லாம் புதியவர்கள். சபைக்குப் புதிதாக வந்திருந்த இளம் பாதிரியார் ஜெபம் செய்ய வந்தார். நல்ல மனிதர். நோயாளியின் மனதைக் குளிர்விப்பதற்காக, சுவரிலிருந்த பெட்டியைக் காட்டி, "இதுதானா ஊரெல்லாம் பேசற அந்தப் பெட்டி?" என்று கேட்டார்.

ஜாபேஸ் மகளை விட்டு அதை இறக்கச் சொன்னான். மார்பில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். பனிக்கடல், விளக்கு, புயல். பாதிரியார் கண் கலங்கிப் போனார்.

"எவ்வளவு பெரிய அன்பு" என்றார்.

"ஆமாங்க ஐயா" என்றான் ஜாபேஸ். "ஆனா ஒண்ணு. மனசுல ரொம்ப நாளா இருக்கு, போறதுக்குள்ள சொல்லிடறேன். நான் இவளுக்காக இதைச் செஞ்சேன். இவ ஆயுசு முழுக்கப் பேர் தெரியாத பொண்ணுங்களுக்கெல்லாம் ஒட்டிக் கொடுத்தா. எவன் எவனோ வாங்கிட்டுப் போனான். எனக்குன்னு ஒரு பெட்டி? ஒண்ணு கூட செஞ்சதில்ல ஐயா. ஒரு தடவை கூட எம்மேல அந்த ஆசை வரல இவளுக்கு."

அவன் நடிக்கவில்லை. கண்ணீர் நிஜமாகவே காதுவரை ஓடியது.

டார்க்கஸ் கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் அவளைச் சுட்டது. அவனுக்கென்று அவள் ஒன்றும் செய்யவில்லை. அவன் வாயைத் திறக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றே ஆயுசு ஓடிப்போயிற்று.

"அது நான் செஞ்சது" என்றாள்.

பாதிரியார் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பெட்டிதாங்க. நான் செஞ்சது. மழை வாரத்துல, இந்தக் கையால. இவரு அதைக் கடையில வாங்கிட்டு வந்து எனக்கே கொடுத்தாரு. ரோடாவுக்குத் தெரியும். சைலஸுக்குத் தெரியும்..." சொல்லிக்கொண்டே வந்தவள் பேச்சை நிறுத்திவிட்டாள். அவர்களில் ஒருவரும் இல்லை.

"அம்மா!" என்று லெட்டி அதட்டினாள். "இந்த நேரத்துலயா? அப்பா கிடக்கற கிடைக்கு?"

பாதிரியார் எழுந்து வந்து டார்க்கஸின் தோளைத் தொட்டார். "மிஸஸ் ஹோல்டர், துக்கத்துல மனசு என்னென்னவோ பேசும். இப்ப இதெல்லாம் வேண்டாமே" என்றார்.

டார்க்கஸ் அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை. ஜாபேஸையே பார்த்தாள். ஒரு தடுமாற்றம். கண்ணில் ஒரே ஒரு தடுமாற்றம் தெரிந்தால் போதும்.

அவன் அவளை உற்றுப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபமில்லை, பயமுமில்லை. இரக்கம்தான் இருந்தது. கையை நீட்டி அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டான்.

"பரவாயில்ல டார்க்கஸ்" என்றான். "நான் உன்னை மன்னிச்சுட்டேன்."

பாதிரியார் ஆமென் சொன்னார்.